நேர்மை அங்காடியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையாம்!

கணக்குப்புலி:
நேற்று சாக்பீஸ் ஐயா எழுதிய பெருமைப் பதிவைப் படித்தேன். அவருடைய ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் நேர்மை அங்காடி வைத்தாராம். பென்சில் 5 ரூபாய், ரப்பர் 3 ரூபாய் என்று விலைப்பட்டியல், பக்கத்தில் ஒரு டப்பா, விற்க ஆள் கிடையாது. ஒரு பருவம் முழுக்க ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையாம். பிள்ளைகளிடம் அன்பும் ஒழுக்கமும் பெருகிவிட்டதாம். நான் மளிகைக் கடைக்காரன். கல்லாவில் நானே உட்கார்ந்தும் ராத்திரி கணக்கு நேராகாது. ஆளில்லாத கடையில் மட்டும் எப்படி ஐயா நேராகிறது?

சாக்பீஸ்:
உங்கள் கல்லா நேராகாததற்கு எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நம்பி விட்டால் பிள்ளைகள் நம்பிக்கையைக் காப்பாற்றுவார்கள். எத்தனையோ அரசுப் பள்ளிகளில் இது நடக்கிறது. வந்து பார்க்காமல் பேசாதீர்கள்.

கணக்குப்புலி:
நான் கேட்டது நம்பிக்கை பற்றி அல்ல, சில்லறை பற்றி. பத்து ரூபாய் நோட்டோடு வருகிற பிள்ளை மீதியை எப்படி எடுக்கும்? பூட்டிய உண்டியல் என்றால் எடுக்க முடியாது, பணம் கூடத்தான் வேண்டும். திறந்த டப்பா என்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை கழித்தலில் ஒரு தடவையாவது தவறும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றால் யாரோ சாயங்காலம் தன் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுகிறார். அந்த யாரோ யார் என்று நான் சொல்லவில்லை.

பழைய_பெஞ்சு:
இந்தக் கடை, டப்பா எல்லாம் எதற்கு? எங்கள் காலத்தில் ஒரே ஒரு பிரம்பு. கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் என்று அப்பாவே சொல்லிவிட்டுப் போவார். நாங்கள் ஒழுங்காக வளரவில்லையா?

சாக்பீஸ்:
வளர்ந்த லட்சணம்தான் தெரிகிறதே. கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17. அடிப்பதற்கு மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்துவதற்கும் தடை. படித்துவிட்டு வாருங்கள். கணக்குப்புலிக்கு: காசில்லாத பிள்ளை பக்கத்தில் இருக்கிற நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் பென்சில் எடுக்கலாம். மறுநாள் கொண்டுவந்து போடும். அவ்வளவுதான்.

கணக்குப்புலி:
அடடா, கடன் நோட்டு! இது நேற்றைய பதிவில் இல்லையே. கடன் என்பது வரவேண்டியது, வந்தது அல்ல. அப்படியென்றால் டப்பாவில் குறைந்தது. குறைந்ததைக் குறையவில்லை என்று எழுதுவதற்குப் பெயர்தான் நேர்மை அங்காடியா?

நிலக்கடலை:
ஒரு ரூபாயை விட்டுவிட்டுக் கொஞ்சம் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாமா? என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் யாருக்காவது உதவினால் சுவரில் ஸ்டார் ஒட்டுகிறார்கள். இப்போது தாகமே இல்லாத பிள்ளையிடம் பாட்டிலை நீட்டி "குடி, குடி" என்று வற்புறுத்துகிறாளாம். 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பரிசு கிடைக்கும் என்று சொல்லிப் படம் வரையவைத்த பிள்ளைகள், அப்புறம் தாமாக வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள். அன்புக்கும் அப்படி ஆகாதா?

கணக்குப்புலி:
அம்மா, ஸ்டான்ஃபோர்டு இருக்கட்டும், அதைவிடப் பழையது என்னிடம் இருக்கிறது. 1920-களில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். தன் விடையைத் தானே திருத்தச் சொன்னார்கள், காசு இருக்கும் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோரிடத்தில் ஏமாற்றியது. டப்பாவில் காசு சரியாக இருந்தால் அந்த டப்பாவில் மட்டும்தான் சரி. அதுவும் இங்கே சரியாக இல்லை, நோட்டில் இருக்கிறது.

வடக்குவீதி:
வந்துவிட்டார் மேதை. காலை உணவுத் திட்டம் பற்றிய விவாதத்திலும் இவர் இப்படித்தான், உப்புமாவில் எத்தனை காய் என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை எண்ணிக்கொண்டிருந்தார். பசியோடு வருகிற பிள்ளைதான் பத்து மணிக்குப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். வயிறு நிறைந்தால் பாதி ஒழுக்கம் தானாக வரும். 2023-இல் திட்டம் வந்தபோதே சொன்னேன்.

கணக்குப்புலி:
2023 அல்ல. 2022 செப்டம்பர் 15, மதுரை. அன்றைக்கும் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டு ஓடினீர்கள்.

வடக்குவீதி:
2023 ஆகஸ்டில் திருக்குவளையில்தான் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் விரிவாக்கினார்கள். எங்கள் ஊருக்கு அப்போதுதான் வந்தது. ஓடியது யார் என்று அந்த விவாதத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பழைய_பெஞ்சு:
நோட்டு, புத்தகம், பை, செருப்பு, இப்போது சாப்பாடு. எல்லாம் சும்மா கொடுத்தால் பிள்ளைக்குப் பொறுப்பு எங்கிருந்து வரும்?

நிலக்கடலை:
ஆறு வயதுப் பிள்ளை பசித்திருந்து பொறுப்பு கற்க வேண்டுமா பெரியவரே? என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சாக்பீஸ்:
எங்கள் பள்ளியில் ஸ்டார் கிடையாது, பரிசு கிடையாது. போன வாரம் ஒரு பையன் தன் கடனோடு தங்கையின் கடனையும் சேர்த்துப் போட்டான். யாரும் சொல்லவில்லை. வகுப்பு எடுத்து, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் வருகைப் பதிவு போட்டு, அதற்கு மேல் இதையும் செய்கிறேன். மளிகைக் கடைக்காரருக்குத் தணிக்கை அறிக்கை தர எனக்கு நேரமில்லை.

கணக்குப்புலி:
தங்கைக்கும் கடன் இருந்ததா? அப்போது குடும்பத்தோடு குறைந்திருக்கிறது! அந்த நோட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பேச்சை விடுகிறேன்.

சாக்பீஸ்:
பிள்ளைகளின் பெயர் இருக்கிறது, போட மாட்டேன். யாருக்குக் காசில்லை என்று ஊருக்குக் காட்டவா கடை வைத்தேன்?

கணக்குப்புலி:
பெயரை மறைத்துத் தொகையை மட்டும் போடலாமே. ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்று ஊருக்குச் சொன்னது நானா?

சாக்பீஸ்:
குறையவில்லை. இப்போதும் சொல்கிறேன், குறையவில்லை.

வடக்குவீதி:
கணக்குப்புலி, உப்புமா விஷயத்துக்கு வாருங்கள். "பாசிப்பருப்பே போடுவதில்லை" என்று எழுதினீர்களே, புதன்கிழமை பொங்கலில் என்ன போடுகிறார்கள், கடுகா?

கணக்குப்புலி:
நான் எழுதியது திங்கள்கிழமை பற்றி. தேடி எடுத்து ஒட்டட்டுமா?