ஞாயிற்றுக்கிழமைச் சிட்டை: ஒரே வரவு திரும்பத் திரும்ப வந்தால் எழுதலாமா?

கேள்வி: கீழமாசிக் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 61 வயது. மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் 36 வருஷம் கணக்கு எழுதினேன். எனக்கு முன்னால் அப்பா அதே கடையில் எழுதினார். இந்தச் சித்திரையில் வேலையை விட்டேன். கடைக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதால், சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டுகள் பரணில் எழுதாமலே கிடந்தன. முதலாளியிடம் கேட்டு நான்கு நோட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஆனி முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு பக்கம் எழுதுகிறேன். மூன்று தலைப்பு. வரவு: அந்த வாரம் மனசுக்கு இதமாக இருந்தது. கற்றது: புதிதாகத் தெரிந்துகொண்டது. கழித்தது: இது இல்லாமலும் இருக்கலாம் என்று விட்டது. இதுவரை 13 பக்கம் ஆகியிருக்கிறது.

'கற்றது' நன்றாகவே போகிறது. அப்பா 1955இல் எழுதிய ஒரு சிட்டை, அதாவது அன்றாடக் கணக்கு நோட்டு, வீட்டில் இருக்கிறது. அதில் வீசம், அரைக்கால், காணி என்று அவர் எழுதியிருப்பதை இத்தனை வருஷம் வெறும் ஞாபகப் பொருளாகத்தான் பார்த்தேன். நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் போய், பழைய கீழ்வாய் இலக்கத்தை, அதாவது ஒன்றுக்குக் கீழான பின்னக் கணக்கைப் படித்தேன். முந்திரி என்றால் 320இல் ஒன்று. நான்கு முந்திரி ஒரு காணி, அதாவது 80இல் ஒன்று. பதினாறு முந்திரி ஒரு மா, இருபது முந்திரி ஒரு வீசம். வீசத்தை மாகாணி என்றும் சொல்வார்கள், 16இல் ஒன்று. இரண்டு வீசம் ஓர் அரைக்கால், 8இல் ஒன்று. ஒரு ரூபாய்க்கு 16 அணா இருந்த காலம் அது, ஆகவே அப்பா எழுதிய வீசம் ஓர் அணா. 1957இல் நயா பைசா வந்து அந்தக் கணக்கு மாறிப்போனது. இப்போது அவருடைய சிட்டையில் ஒரு பக்கத்தை முழுதாக வாசித்துவிடுகிறேன். அவர் கூட்டியதில் ஒரு தப்புக்கூட இல்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மற்ற இரண்டு தலைப்பில்தான் சிக்கல்.

வரவில் பருத்திப்பால் ஏழு முறை வந்துவிட்டது. தெற்குவாசல் பக்கம் எங்கள் தெரு முக்கில் சாயங்காலம் ஒரு தள்ளுவண்டி வரும். சுக்கு வாசனை எங்கள் வாசல் வரைக்கும் வரும். அப்புறம், மீனாட்சி அம்மன் கோயில் ஆடி வீதியில் உட்கார்ந்து கிளிகள் கோபுரத்தில் அடைவதைப் பார்ப்பது நான்கு முறை. ஏழாவது முறை பருத்திப்பால் என்று எழுதப்போனபோது பேனா நின்றுவிட்டது. ஒரே சரக்கு சிட்டையில் இரண்டு தரம் ஏறியிருந்தால், அதில் ஒன்று தப்பு என்று தேடிப் பிடித்தே பழகியவன் நான். அதனால் போன வாரம், புதிதாக ஏதாவது எழுத வேண்டும் என்றே ஊரின் அந்தக் கோடியில் திறந்திருக்கும் ஒரு பெரிய ஹோட்டலுக்குத் தனியாக ஆட்டோவில் போய்வந்தேன். சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வரவில் அதை எழுதியபோது, நோட்டுக்காக விலை கொடுத்து வாங்கிவந்த சரக்கு போலத் தெரிந்தது.

கழித்தது இன்னும் கஷ்டம். முதல் வாரங்களில் போடாத சட்டைகள், இரண்டாவது சிம் கார்டு, இரவல் வாங்கித் திருப்பாத சாமான்கள் என்று சுலபமாகப் போனது. பத்தாவது வாரம் கழிக்க எதுவும் கிடைக்கவில்லை. வெறும் இடமாக விட மனமில்லாமல், 'நான்கு மணிக் காபி' என்று எழுதினேன். மறுநாள் நான்கு மணிக்கு என் மனைவி இரண்டு டம்ளரோடு வந்தார். "நான் விட்டுட்டேன், நீ குடி" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரும் அந்த நேரத்தில் காபி போடுவதில்லை.

வாரக் குறிப்பு எழுதுகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஒரே வரவு திரும்ப வந்தால் எழுதுவீர்களா? வாரா வாரம் எதையாவது கழித்துத்தான் ஆக வேண்டுமா?

*

பதில் 1: மேலூர்ப் பக்கம்

அண்ணே, வணக்கம். நான் மேலூர் பக்கத்துக் கிராமம். வீட்டில் மூன்று மாடு, இரண்டு எருமை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அந்த வாரம் பார்த்த பறவைகளை எழுதி வைக்கிறேன், இரண்டு வருஷமாக. அரிட்டாபட்டி மலையை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அதற்கப்புறம்தான் எங்கெங்கிருந்தோ கேமராவோடு ஆட்கள் வந்தார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் 'வல்லூறு' என்கிற ஒரே பேர்தான். லகர் வல்லூறு என்று ஒன்று தனியாக உண்டு, அது நம்ம பாறையில் இருக்கிறது என்று வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். அந்த வெட்கத்தில்தான் நோட்டுப் போட்டேன்.

என் நோட்டில் கரிச்சான் எத்தனை தரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அநேகமாக எல்லா வாரமும். முதலில் 'கரிச்சான்' என்று மட்டும் எழுதினேன். உங்களைப் போலவே அலுத்துப்போனது. அப்புறம், பார்த்ததைக் கொஞ்சம் கூடுதலாக எழுதினேன். காலையில் எருமை முதுகில் உட்காரும். எருமை நடக்கும்போது புல்லிலிருந்து பூச்சி கிளம்பும், அதைப் பிடிக்கும். வெயில் ஏறினால் கரண்டுக் கம்பிக்குப் போய்விடும். ஒரு நாள் அதன் கூட்டுப் பக்கம் வந்த காக்காயை அது ஒற்றையாகத் துரத்திக்கொண்டு கண்மாய்க்கரை தாண்டிப் போனது. அந்தச் சின்ன உடம்புக்கு அவ்வளவு தைரியம். அன்றைக்குப் பால் கறக்க நேரமாகிவிட்டது, பரவாயில்லை என்று நின்று பார்த்தேன்.

எழுதுங்கண்ணே. ஏழு தரம் என்ன, எழுபது தரம் எழுதுங்கள். ஆனால் பேரை மட்டும் எழுதாதீர்கள். வண்டிக்காரர் என்ன போடுகிறார், எதில் காய்ச்சுகிறார், மழை வந்தால் எங்கே ஒதுங்குகிறார் என்று உங்கள் நோட்டில் இருக்கிறதா? கடையில் மிளகு வந்தால் மிளகு என்று மட்டுமா எழுதினீர்கள்? எத்தனை மூட்டை, யாரிடமிருந்து, என்ன தரம் என்றெல்லாம் எழுதியிருப்பீர்கள்தானே.

*

பதில் 2: செல்லூர்த் தறி

ஐயா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில், மேலமாசி வீதியில் 251ஆம் எண் வீடு இருக்கிறது. கீழே கதர்க் கடை. 1921 செப்டம்பரில் காந்தி அங்கே தங்கியிருந்தார். மேல்சட்டையும் தொப்பியும் வேண்டாம் என்று அங்கேதான் முடிவு செய்தார். 22ஆம் தேதி அரைவேட்டியோடு வெளியே வந்தார். காமராசர் சாலையில் அந்தக் கோலத்தில் அவர் பேசிய இடத்தைக் காந்தி பொட்டல் என்று சொல்கிறோம். நாங்கள் தறிக்காரக் குடும்பம். அதனால் தாத்தா இந்தக் கதையை ஒரு ஊர்க் கதையாகச் சொல்லமாட்டார், எங்கள் வீட்டில் நடந்தது போலச் சொல்வார். அந்நியத் துணியை விடச் சொன்னால், கதர் வாங்க ஏழைக்குக் காசு ஏது என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்விக்குத்தான் அவர் தன் உடம்பிலேயே பதில் சொன்னார்.

நான் பெரியவனான பிறகு படித்த ஒரு விஷயம்தான் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவர் வெளியிட்ட அறிக்கையில் 'ஆயுளுக்கும்' என்று சொல்லவில்லை. அக்டோபர் 31 வரையிலாவது தொப்பியையும் மேல்சட்டையையும் விடுகிறேன், தேவைப்படும்போது ஒரு மேல்துண்டு போட்டுக்கொள்வேன் என்றுதான் சொன்னார். சுமார் ஆறு வாரம். அது அப்படியே அவரோடு கடைசி வரைக்கும் நின்றுவிட்டது. அதற்கு முன்னாலும் பல தடவை யோசித்து, இன்னும் நேரம் வரவில்லை என்று தள்ளி வைத்திருந்தார்.

நான் இதைப் பின்பற்றிப் பார்த்தேன். வாரா வாரம் ஒன்றைக் கழிப்பதை நிறுத்திவிட்டு, ஒன்றே ஒன்றை எடுத்து அதற்கு ஒரு தேதி போட்டேன். தைப்பொங்கல் வரைக்கும் ராத்திரியில் போனைத் தறிக்கொட்டகையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் வருவது. பொங்கல் முடிந்து போனை உள்ளே கொண்டுவந்தேன். இரண்டே நாள். பாப்பாவுக்குக் கதை சொல்லும் நேரத்தில் அது சிணுங்கியது. திரும்பக் கொட்டகைக்கே போய்விட்டது. தேதி முடிந்தபின்தான் எது உண்மையில் எனக்கு வேண்டாதது என்று தெரிந்தது.

'கழித்தது' காலியாக இருந்தால் காலியாகவே இருக்கட்டும் ஐயா. அந்த இடத்தை நிரப்பத்தான் காபியைக் கொடுத்திருக்கிறீர்கள்.

*

பதில் 3: வலையங்குளம் மல்லி

அண்ணாச்சி, மற்றவர்கள் நல்லபடியாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. அந்தக் காபி உங்கள் கணக்கில் மட்டும் இருந்தது இல்லை. இரண்டு டம்ளர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் கேட்காமல் எப்படிக் கழித்தீர்கள்?

என் மாமியார் இருந்தவரை நாங்கள் இரண்டு பேரும் மதியம் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டுவோம். விடியுமுன்னே மொட்டுப் பறித்துச் சந்தைக்கு அனுப்பியது போக, மிச்சத்தை வீட்டுக்குக் கட்டுவோம். வாழைநாரில் கண்ணி நெருக்கமாகப் போடச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். வேலை மிச்சம் என்று ஒரு தையில் நான் அதை நிறுத்தினேன். அந்த மாதம் பூ விலை ஏறிக் கிடந்தது, எல்லாவற்றையும் விற்றுவிடலாம் என்றேன். அவரும் சரி என்றார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. மாசியில் திரும்ப உட்கார்ந்தோம். நல்ல வேளை, உட்கார்ந்தோம்.

இன்றைக்கே போய்க் காபி கேளுங்கள்.

*

மறுமொழி: கீழமாசிக் கணக்கு

மூன்று பேருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்று.

வலையங்குளத்துத் தங்கச்சி சொன்னதைப் படித்த அன்றே, நான்கு மணிக்கு நானே அடுப்படிக்குப் போனேன். டிகாஷன் இறக்கத் தெரியாது. "நீ சொல்லு, நான் போடறேன்" என்றேன். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் போட்டேன். வென்னீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், பில்டரைத் தட்டக் கூடாது என்றார். இதைக் 'கற்றது' பக்கத்தில் எழுதிவிட்டேன். காபி குடிக்கும்போது, அப்பா சிட்டையில் இருக்கும் அரைக்கால் பற்றி அவரிடம் சொன்னேன். எழுந்துபோய் அரிசிப் பானையிலிருந்து ஆழாக்கை எடுத்துக்கொண்டு வந்து, "இதுதானே? எட்டு ஆழாக்கு ஒரு படி" என்றார். 33 வருஷமாக எங்கள் வீட்டில் தினமும் அரைக்கால் படி கணக்கு நடந்திருக்கிறது. நான் அதை நூலகத்தில் தேடியிருக்கிறேன்.

மேலூர்த் தங்கச்சி கேட்ட கேள்விகளை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு தள்ளுவண்டிக்குப் போனேன். வண்டிக்காரர் பருத்தி விதையை முதல் நாள் ராத்திரியே ஊறவைத்து, அரைத்து, மூன்று தரம் பால் எடுக்கிறார். ஊறவைத்த பச்சரிசியை அரைத்துச் சேர்ப்பதால்தான் அந்தக் கொழகொழப்பு. வெல்லப்பாகு, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்ப்பூ. கிண்டுவதை நிறுத்தினால் அடிபிடித்துவிடும் என்று பேசும்போதும் கை நிற்கவே இல்லை. விதை நம்ம கீழமாசி வீதிப் பக்கம்தான் வாங்குகிறாராம். அவர் சொன்ன கடையின் சிட்டையில் என் கையெழுத்து இருக்கிறது. எட்டாவது முறையாகப் பருத்திப்பால் என்று எழுதினேன். எழுதி முடித்தபோது பக்கத்தில் பாதி நிறைந்திருந்தது.

செல்லூர்த் தம்பி, உங்கள் வழிப்படி ஒன்றே ஒன்று, தேதியோடு. சாப்பிடும் நேரத்தில் டிவிச் செய்தி, ஐப்பசி முடிய. இந்தத் தடவை மனைவியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். "சீரியலும் சேர்த்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சரி என்றார்.

மேலூர்த் தங்கச்சிக்கு இன்னொன்று. அந்தக் கரிச்சானையும் வல்லூறையும் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் வரலாமா? வருகிற ஞாயிறு விடியற்காலை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுகிறோம். மேலூரில் இறங்கினால் அரிட்டாபட்டிக்கு அந்த நேரத்தில் வண்டி கிடைக்குமா என்று சொல்லுங்கள். பருத்திப்பால்காரர் ஞாயிறு காலையிலும் வருவாராம், கேட்டுவிட்டேன். தூக்குவாளியில் எத்தனை பேருக்கு வாங்கி வரட்டும்?