மறுமொழி: ‘நிறுவன ஆய்வு’ வேண்டாம், ‘கம்பனி ஆய்வு’ என்போம்

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம். கம்பனிகள் நடத்தும் அல்லது பணம் தரும் ஆய்வை (corporate research) தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு வந்த இரண்டு பதில்கள் இவை:

> கார்ப்பரேட் ஆய்வுக்கு ‘நிறுவன ஆய்வு’ போதுமே. (சென்னை நண்பர்)
> ‘கூட்டுத்தாபன ஆய்வு’ நமக்குப் பழகிய சொல். (யாழ்ப்பாணத்து ஆசிரியை)

இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. பல்கலைக்கழகமும் ஒரு நிறுவனம்தான். பிரித்துக் காட்ட வேண்டிய கம்பனி, பல்கலைக்கழகம் ஆகிய இரு தரப்பும் ‘நிறுவன ஆய்வு’க்குள் அடங்கிவிடுகின்றன. கூட்டுத்தாபனம் அதைவிடச் சங்கடமானது. திருகோணமலையில் அந்தச் சொல்லைக் கேட்டால் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும்தான் நினைவுக்கு வரும், அதாவது அரசாங்கம். தனியார் இலாபத்துக்காக நடக்கும் ஆய்வுக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்? ‘கம்பனி’ சந்தையிலும் பத்திரிகையிலும் ஒரே பொருளில் வழங்குகிறது. அதை எடுத்துக்கொள்ள ஏன் கூச்சம்?

ஆனால் நமக்கு இரண்டு சொற்கள் தேவை. 1956 இல் சூரிச்சுக்கு அருகே ஐ.பி.எம். தொடங்கிய ஆய்வுகூடமும் 2005 இல் பெங்களூரில் மைக்ரோசொப்ட் தொடங்கியதும் ஒரு வகை. கூடம், சம்பளம், கண்டுபிடிப்பின் உரிமை எல்லாம் கம்பனிக்கே. இது ‘கம்பனி ஆய்வு’.

மற்ற வகையில், அதாவது கம்பனியின் பணத்தில் பல்கலைக்கழகம் நடத்தும் ஆய்வில்தான் சிக்கல். 1998 இல் சுவிஸ் கம்பனியான நொவார்ட்டிஸ், கலிபோர்னியாவின் அரச பல்கலைக்கழகமான பேர்க்லியில் தாவர, நுண்ணுயிரியல் துறைக்கு ஐந்து ஆண்டுகளில் 2.5 கோடி டொலர் தர ஒப்பந்தம் செய்தது. பதிலுக்கு, துறையின் கண்டுபிடிப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு உரிமம் பேசும் முதல் வாய்ப்பையும், பணத்தைப் பங்கிடும் ஐவர் குழுவில் இரண்டு இடங்களையும் பெற்றது. அரசாங்கப் பணத்தில் கிடைத்த கண்டுபிடிப்பும் அந்தப் பங்கிற்குள் வரலாம் என்பதே மிகக் கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. இதைக் ‘கம்பனி ஆய்வு’ என்றால் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு மறைந்துவிடும். ‘பல்கலைக்கழக ஆய்வு’ என்றால் பணம் வந்த வழி மறைந்துவிடும். ஆகவே ‘கம்பனி நிதி ஆய்வு’.

‘அனுசரணை (sponsorship) ஆய்வு’ என்ற யோசனையும் வந்தது. விளையாட்டுப் போட்டிப் பதாகைகளில் நாம் காணும் சொல் அது. உதவி செய்ததாக மட்டுமே ஒலிக்கிறது. பதிலுக்கு என்ன பெற்றார்கள் என்று கேட்கத் தோன்றாது.

எங்கள் ஊருக்கு இது தொலைதூர விவகாரம் அல்ல. கோணேசபுரியிலுள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். நாளை ஒரு வெளிநாட்டுக் கம்பனி மூலிகை ஆய்வுக்குப் பணம் தர முன்வந்தால், அந்த மாணவர்கள் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்து விளங்கிக்கொள்ள வேண்டும். உரிமைப் பிரச்சினை கம்பனியால் மட்டும் வருவதும் அல்ல. மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995 இல் அமெரிக்காவில் ஆக்கவுரிமை (patent) பெற்றது மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம். இந்தியா எதிர்த்து மறுபரிசீலனை கோரியதால் 1997 இல் அது இரத்தானது. எனவே சொல்லுக்கான விளக்கத்தில் உரிமையைப் பற்றியும் ஒரு வாசகம் இருக்க வேண்டும். என் முன்மொழிவு:

கம்பனி ஆய்வு: கம்பனி தன் ஆய்வுகூடத்தில், தன் ஊழியரைக் கொண்டு நடத்துவது, ஆக்கவுரிமை கம்பனிக்கு.

கம்பனி நிதி ஆய்வு: கம்பனியின் பணத்தில் பல்கலைக்கழகம் நடத்துவது; ஆக்கவுரிமை ஒப்பந்தப்படி.

தமிழ்நாட்டு நண்பர்கள் ‘கம்பெனி’ என்று எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. மாற்று வடிவமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ‘ஆக்கவுரிமை’க்கு அருகில் அவர்களுக்குப் பழகிய ‘காப்புரிமை’யையும் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து