ஃபார்வர்டு கைடன்ஸ்: ‘குறிப்புணர்த்தல்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

வட்டி விகிதத்தில் தான் இனி என்ன செய்யக்கூடும் என்பதை மைய வங்கி (நம் நாட்டில் ரிசர்வ் வங்கி) முன்கூட்டியே சொற்களால் தெரிவிப்பதை ஆங்கிலத்தில் ஃபார்வர்டு கைடன்ஸ் என்பர். அதற்கு ‘முன்னோக்கு வழிகாட்டல்’ என்று இந்த உரையாடல் இழையில் முன்மொழியப்பட்டதை ஏற்கத் தயங்குகிறேன். மும்பையில் கடன்பத்திர வணிகத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மைய வங்கி சந்தைக்கு வழி காட்டுவதில்லை; வட்டி விகிதம் இனி எப்பக்கம் செல்லக்கூடும் என்பதைச் சொற்களால் உணர்த்திவிட்டு, அதற்கேற்ப விலையைத் திருத்திக்கொள்ளும் வேலையைச் சந்தையிடமே விட்டுவிடுகிறது.

கொள்கை அறிவிப்பு நாளில் காலை 10 மணிக்கு ரிசர்வ் வங்கி ஆளுநர் பேசத் தொடங்கும்போது, எங்கள் டீலிங் ரூமில் ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி தரும் குறுகியகாலக் கடனுக்கான வட்டி விகிதம்) எண்ணுக்காக மட்டும் காத்திருப்பவர் குறைவு. அது பெரும்பாலும் முன்பே விலையில் கலந்திருக்கும். வட்டி இனி எப்பக்கம் சாயும் என்பதைக் காட்டும் ‘நிலைப்பாடு’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்த அடைமொழி வருகிறது என்பதற்கே காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். 2025 ஜூன் 6 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை அரை விழுக்காடு குறைத்து 5.50 விழுக்காடு ஆக்கியது. பலரும் எதிர்பார்த்ததைவிடப் பெரிய குறைப்பு அது. ஆனால் அதே அறிக்கையில் நிலைப்பாடு தளர்விலிருந்து (வட்டியைக் குறைக்கும் பக்கம் சாய்வது) நடுநிலைக்கு (எப்பக்கமும் சாயாதது) மாறியது; வளர்ச்சிக்குக் கைகொடுக்க இனி மிகக் குறைந்த இடமே எஞ்சியுள்ளது என்று ஆளுநரும் கூறினார். விளைவு, அடுத்து வந்த நாட்களில் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் யீல்டு (பத்திரத்தின் சந்தை விலைக்கு அது தரும் வருவாய் விகிதம்), வட்டிக் குறைப்புக்கு ஏற்ப இறங்காமல் ஏறியது.

‘முன்னறிவிப்பு’ என்ற மாற்றுச்சொல்லும் சரிப்படாது. வானிலை நினைவுக்கு வருவதோடு, நடந்தே தீரும் என்ற தொனியும் அதில் ஒட்டிக்கொள்கிறது. 2013 மே மாதம், அமெரிக்க மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் அப்போதைய தலைவர் பெர்னான்கி, அவ்வங்கி தன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கக்கூடும் என்றுதான் சொன்னார். குறைப்பு தொடங்கியது 2014 ஜனவரியில். ஆனால் அந்தச் சொல்லின் தாக்கத்தில், இடைப்பட்ட ஆகஸ்டிலேயே டாலருக்கு ரூபாய் 68-ஐத் தாண்டிச் சரிந்துவிட்டது.

ஆகவே ‘குறிப்புணர்த்தல்’ என்று பரிந்துரைக்கிறேன். அரசனின் உள்ளக் கருத்தைச் சொல்லாமலே உணரும் திறனுக்குக் குறளின் அமைச்சியலில் ‘குறிப்பறிதல்’ என்று அதிகாரமே இருப்பதால், வங்கி செய்வது குறிப்புணர்த்தல், சந்தை செய்வது குறிப்பறிதல் என இரண்டும் இணையாக நிற்கும். 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி, தளர்வு நிலை குறைந்தது அந்த நிதியாண்டு முழுவதும், அடுத்த ஆண்டிலும் தொடரும் என்றது ‘காலவரைக் குறிப்புணர்த்தல்’. 2012 டிசம்பரில் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் வேலையின்மை 6.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை வட்டியை உயர்த்தப்போவதில்லை என, பணவீக்க வரம்போடு சேர்த்துச் சொன்னது ‘நிபந்தனைக் குறிப்புணர்த்தல்’.

‘குறிப்பு’ என்றால் காதோடு காதாகச் சொல்லும் உள்தகவல் என்று பங்குச்சந்தை வாசகர்கள் மயங்கக்கூடும் என்பதே எனக்கிருக்கும் ஐயம். முதல் முறை வருமிடத்தில் ‘கொள்கைக் குறிப்புணர்த்தல்’ என்று முழுமையாக எழுதினால் அது நீங்கும் என நினைக்கிறேன். போதாது என்போர் வேறு அடைமொழியை முன்வைக்க வேண்டுகிறேன்.