எல்லோரும் வாங்க வேண்டும், ஆனால் யாரைப் போலவும் இருக்கக் கூடாது: சொகுசு கார்களோடு உங்கள் அனுபவம் என்ன?

பின்சீட்டுக்காரன்:

நான் தொடங்கி வைக்கிறேன். 2001இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸ், ஈ65 என்பார்களே, அது நண்பர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக வந்து சேர்ந்தது. போட்டோவைவிட நேரில் இன்னும் விசித்திரம். டிக்கி மூடி பின்பக்கத்து உடம்போடு வழுவழுவென்று சேராமல், தனியாகச் செய்து மேலே எடுத்து வைத்தது போல எழுந்து நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. அப்போது டிசைன் தலைவராக இருந்த கிறிஸ் பேங்கிளை வேலையை விட்டு நீக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடந்தது. இத்தனைக்கும் வெளித்தோற்றத்தை வரைந்தவர் அட்ரியன் வான் ஹூய்டோங்க், திட்டு முழுக்க பேங்கிளுக்கு!

ஆனால் கார் நன்றாகவே விற்றது. 2005இல் ஃபேஸ்லிஃப்ட் கொடுத்து அந்த டிக்கியைக் கொஞ்சம் அடக்கினார்கள், அவ்வளவுதான். எனக்கு இதில் தோன்றுவது என்னவென்றால், சத்தம் போட்டவர்களில் பெரும்பாலோர் வாங்கப் போகிறவர்கள் இல்லை. வாங்கியவர் பின்சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தார், டிக்கி எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவா போகிறார்? நண்பரின் புலம்பல்கூட வெளித்தோற்றத்தைப் பற்றி இல்லை, ஐடிரைவ் குமிழைப் பற்றித்தான், அதாவது காரின் திரை மெனுக்களை இயக்கும் திருகு. அதைத் திருப்பி அழுத்தி, மெனுவுக்குள் மெனுவாகப் போய் ஒரு சின்ன செட்டிங்கை மாற்றுவதற்குள் சிக்னலே விழுந்துவிடும்.

நாலு விளக்கு:

என் அனுபவம் இதற்கு நேர் எதிர். ஜாகுவார் எக்ஸ்-டைப், அதுவும் 2001தான். ஒருத்தருக்கும் அந்தக் கார் மேல் கோபம் வரவில்லை, பார்த்தவர்கள் எல்லோரும் “அழகா இருக்கே” என்றார்கள். அதுதான் சிக்கல் என்பேன். ஜாகுவாரின் பெரிய செடான் எக்ஸ்ஜேயின் நாலு வட்ட விளக்கு, பானெட் மேல் ஓடும் அந்த வரிகள், எல்லாம் அப்படியே உண்டு. பக்கவாட்டில் போய் நின்றால்தான் விஷயம் தெரியும். எக்ஸ்ஜேக்கு அந்த முகம் பொருந்துவது கார் தாழ்வாக, நீளமாக இருப்பதால். ஃபோர்டு மான்டியோ என்ற சாதாரண குடும்பக் காரின் அடித்தளத்தில் எழுப்பிய உடம்புக்கு அந்த நீளம் எங்கிருந்து வரும்? தொடக்கத்தில் நாலு சக்கர இயக்கத்தோடுதான் விற்றார்கள், மழையில் ஓட்ட அருமையாக இருக்கும், அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை.

2016இல் ஜாகுவாரின் எஸ்யூவி எஃப்-பேஸ் வந்தது. பழைய முகத்தைத் தூக்கி ஒட்டாமல், அப்போதைய டிசைன் தலைவர் இயன் கேலமின் குழு எஸ்யூவிக்கென்றே வரைந்தது. அந்த பிராண்டில் அதிகம் விற்ற கார் ஆனது. அப்புறம் 2024 டிசம்பரில் டைப் 00 கான்செப்ட்டைக் காட்டினார்கள்: நீண்ட பானெட், பின்பக்கம் கண்ணாடியே இல்லை. குறைவாக விற்றாலும் அதிக விலைக்கு விற்கலாம் என்ற கணக்கு. எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் ஒளிந்துகொள்ளும் கார் இல்லை அது.

முட்டை ரசிகன்:

நாலு விளக்கு சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன். ஆனால் அடித்தளத்தைப் பங்கு போட்டதைக் குறை சொல்லாதீர்கள். 2002இல் வந்த போர்ஷே கயென் எஸ்யூவி, ஃபோக்ஸ்வேகன் டுவாரெக்கோடு ஒரே அடித்தளத்தில் பிறந்தது. “போர்ஷேவா இது” என்று சிரிக்காத ஆள் இல்லை. அது கொண்டுவந்த பணத்தில்தான் போர்ஷேவின் அடையாளமான ஸ்போர்ட்ஸ் கார் 911 நிம்மதியாக இருந்தது.

போர்ஷேவின் சின்ன எஸ்யூவி மக்கான் இன்னும் நல்ல உதாரணம். அதற்கு ஆடி க்யூ5 உறவு. ஒருமுறை பானெட்டைத் திறந்து பாருங்கள். சக்கர வளைவு வரை இறங்கும் ஒரே பெரிய தகடு, அதில் விளக்குக்கென்று இரண்டு ஓட்டைகள். தூக்கினால் ஹெட்லைட் இருந்த இடத்திலேயே நிற்க, தகடு மட்டும் ஓட்டைகளோடு மேலே போகும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடித்து, இந்த மாதிரி இடத்தில் செலவழித்திருக்கிறார்கள்.

தலைகீழாகவும் ஒருமுறை செய்தார்கள். 1997இல் வந்த 996 தலைமுறை 911க்கு, போர்ஷேவிலேயே விலை குறைந்த பாக்ஸ்டரின் முன்விளக்கையே கொடுத்தார்கள். ஆரஞ்சு இண்டிகேட்டரும் அதே கண்ணாடிக்குள் வழிந்து நிற்கும், “பொரித்த முட்டை” என்று பட்டப்பெயர். அவ்வளவு பணம் கொடுத்தவருக்கு, பக்கத்து பாக்ஸ்டரிலும் அதே முகம் என்றால் எரியாதா? 2004இல் அடுத்த தலைமுறை 997 வந்தபோது வட்ட விளக்கு திரும்பிவிட்டது.

அந்த வெறுப்பால் 996 பல காலம் மற்ற 911களைவிட மலிவாகவே கிடைத்தது. நான் இப்போது தேடிக்கொண்டிருப்பதும் அதைத்தான், முட்டையோடே இருந்தால் நல்லது. யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.