தென் பிரான்ஸ், வட இத்தாலி தேனிலவு: 12 இரவுக்கு 9 ஊர், எதை வெட்டுவது?

திருச்சிப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் எங்களுக்குக் கல்யாணம். ஒரு வாரம் விருந்து, மறுவீடு எல்லாம் முடித்துவிட்டு, செப்டம்பர் மூன்றாவது வாரம் கிளம்பலாம் என்று இருக்கிறோம். அவர் ஒரு எக்செல் ஷீட்டே போட்டு வைத்திருக்கிறார்: மார்சேய் 1 இரவு, அவினியோன் 2, நீஸ் 2, மொனாக்கோ 1, சின்க்வே தெர்ரே (இத்தாலியக் கடலோரத்து ஐந்து கிராமங்கள்) 1, மிலான் 2, கோமோ ஏரி 1, வெரோனா 1, வெனிஸ் 1.

அவினியோன் எனக்காகச் சேர்த்தது. லாவெண்டர் வயலில் ஒரு போட்டோ எடுத்தே ஆகணும். மார்சேயில் கார் எடுத்து வெனிஸில் விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

என் சந்தேகங்கள்: மொனாக்கோவையும் சேர்த்துப் பிரான்ஸில் ஆறு இரவு, இத்தாலியில் ஆறு இரவு வருகிறதே, விசா எந்த நாட்டில் போடுவது? கார் சரிப்படுமா? நான் சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன வழி? "ஊர் ஊராப் பெட்டி கட்டவா இவ்வளவு தூரம் போறீங்க?" என்று அம்மா கேட்டதிலிருந்து இந்தத் திட்டமே சரியா என்று குழப்பமாக இருக்கிறது.

தண்டவாளக்காரர்:
வாழ்த்துகள்மா. அம்மா கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஐரோப்பாவில் காலை பத்து, பதினோரு மணிக்கு அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள். அடுத்த ஊரில் சாவி பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கைக்கு வரும். நடுவில் உள்ள நேரம் பெட்டியோடு போய்விடும். ஒன்பது ஊர் என்றால் இதை எட்டுத் தடவை செய்யணும். ஒரு இரவு மட்டும் தங்குகிற ஊரில் பார்ப்பதற்கு மாலை வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான்.

லாவெண்டர் விஷயத்தில் கெட்ட செய்தி. ஜூன் பின்பாதியில் பூத்து, வலன்சோல் மேட்டில் ஜூலை நடுவிலேயே அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். உயரத்தில் இருக்கிற சோ பக்கம் ஆகஸ்ட் தொடக்கம் வரை கொஞ்சம் நிற்கும். செப்டம்பரில் போனால் வரிசை வரிசையாக அறுத்த கட்டைதான். இணையத்தில் பார்க்கிற போட்டோ எல்லாம் ஜூலை முதல் வாரத்தில் எடுத்தது.

கார் வேண்டாம் என்பேன். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்கே தனிக் கட்டணம், சில நூறு யூரோ வரும். இத்தாலியில் நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கணும். இத்தாலிய ஊர்களின் பழைய நகர்ப் பகுதிக்குள் வெளிவண்டி நுழையக் கூடாது. கேமரா நம்பரைப் பிடித்துக்கொள்ளும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்துத் திருச்சிக்கே வரும், கூடவே கார் கம்பெனி தன் பங்குக்குச் சேவைக் கட்டணத்தைக் கார்டில் எடுக்கும். வெனிஸில் கார் பியாட்ஸாலே ரோமா என்ற சதுக்கத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் சாலையே இல்லை. சின்க்வே தெர்ரே ஊர்களுக்குள்ளும் சுற்றுலாக் கார் போகாது. இந்தக் கடலோரம் ரயிலுக்கென்றே அமைந்த வழி.

நான் போட்டால் இப்படிப் போடுவேன்: விமானம் துபாய் வழியாக நீஸில் இறங்கட்டும், திரும்புவது வெனிஸிலிருந்து. போன வழியே திரும்பி வரவேண்டாம். நீஸ் 5, லெவாந்தோ (சின்க்வே தெர்ரேக்குப் பக்கத்து ஊர்) 2, வரென்னா (கோமோ ஏரிக்கரை ஊர்) 2, வெனிஸ் 3. நாலே அறை.

லாச்சப்பல் அண்ணை:
தங்கச்சி, முதல்ல வாழ்த்துகள். நான் பாரிஸ் பக்கம் கனகாலமா இருக்கிறன். தண்டவாளக்காரர் சொன்னதில எனக்கு ஒரு சண்டை இருக்கு. லாவெண்டர் இல்லையெண்டா அவினியோன் இருக்கிற ப்ரொவான்ஸ் பகுதியே இல்லையோ? செப்டம்பரிலதான் அங்க திராட்சை அறுவடை, வெயிலும் அடங்கியிருக்கும். அவினியோனில பாப்பரசர் மாளிகை, 1309இல இருந்து 1377 மட்டும் பாப்பரசர்மார் ரோமை விட்டு அங்கதான் இருந்தவை. ஆர்லில ரோமர் காலத்து அரங்கு இண்டைக்கும் நிக்குது. வான் கோ 1888இல அந்த ஊருக்கு வந்துதான் தன்ர பேர்போன சூரியகாந்திப் படங்களைக் கீறினவர். போன் து கார் எண்ட நீர்ப்பாலம் கிட்டத்தட்ட 49 மீற்றர் உயரம், மூண்டு அடுக்கு, ரண்டாயிரம் வருசப் பழசு. அதைப் பாத்தா ஒருத்தரும் லாவெண்டரைத் தேட மாட்டினம்.

ஆனா அதுக்கு அவினியோனில குறைஞ்சது மூண்டு இரவு வேணும். அப்ப சின்க்வே தெர்ரேயை விடோணும். ரண்டையும் பிடிக்க வெளிக்கிட்டா பழையபடி பெட்டி கட்டுற கதைதான். மார்சேயை ஒரு இரவுக்கு வைக்கிறதில பிரயோசனம் இல்லை.

மொனாக்கோவில அறை எடுக்காதேங்கோ. நீஸில இருந்து ரெயினில அரை மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம். செப்டம்பர் கடைசியில அங்க பெரிய சொகுசுப் படகுக் கண்காட்சி நடக்கும், அந்தக் கிழமை நீஸிலயும் அறை விலை ஏறும். திகதியைப் பாத்து நீஸ் அறையை முதல்ல பிடியுங்கோ.

இன்னொண்டு. எஸ் எண்ட மலை உச்சிக் கிராமத்துக்குக் கனபேர் ரெயினில போய் முழிக்கிறவை. ஸ்டேஷன் கடற்கரையில இருக்கு, ஊர் 400 மீற்றருக்கு மேல உச்சியில. நீட்சே பேரில இருக்கிற பாதையால ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஏறோணும். நீஸில இருந்து நேர பஸ் இருக்கு, அதில போங்கோ. இறங்கேக்குள்ள வேணுமெண்டா நடவுங்கோ.

மிலான் மாணவி:
அக்கா, மிலானில் ரெண்டு இரவு வேண்டவே வேண்டாம். செப்டம்பர் கடைசியில் ஃபேஷன் வீக். சாதாரண அறைக்குக்கூட வாய்க்கு வந்த விலை சொல்வாங்க. லெவாந்தோவிலிருந்து வரென்னா போகிற அன்னிக்கு மிலானோ சென்ட்ராலேயில்தான் ரயில் மாறணும். அங்கேயே பெட்டியைக் காப்பறையில் போட்டுட்டு மெட்ரோ மஞ்சள் லைன் பிடிச்சா நாலாவது நிறுத்தம் துவோமோ. அந்தப் பெரிய தேவாலயம், அதோட கூரை, பக்கத்து கலேரியா கடைவீதி எல்லாம் மூணு மணி நேரத்தில் பார்த்துடலாம். டாவின்சியோட 'கடைசி இரவு உணவு' ஓவியம் பார்க்க ஆசைன்னா டிக்கெட் விடுற அன்னிக்கே எடுத்துடணும். கொஞ்சம் கொஞ்சம் பேரா உள்ளே விட்டு, 15 நிமிஷத்தில் வெளியே அனுப்பிடுவாங்க.

கோமோன்னு போட்டிருக்கீங்க, கோமோ நகரத்தில் தங்காதீங்க. ஏரியோட நடுப்பகுதிதான் அழகு. வரென்னாவுக்கு மிலானிலிருந்து ரயில் ஒரு மணி நேரம் சொச்சம். அங்கேயிருந்து படகில் கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. ஸ்டேஷனிலிருந்து இறங்குற வழி கருங்கல் பாவின சரிவு, பெரிய பெட்டி கஷ்டம்.

வெரோனாவுக்குத் தனி இரவு எதுக்கு? வெனிஸ் போற வழியில் நாலு மணி நேரம் இறங்கிட்டுப் போங்க. அரீனா முதல் நூற்றாண்டில் கட்டினது, அதுக்காகவே இறங்கலாம். ஜூலியட் வீடுன்னு காட்டுவாங்களே, அந்தப் பால்கனி 20ஆம் நூற்றாண்டில் பொருத்தினது. போட்டோ எடுக்கணும்னா எடுத்துக்கோங்க, நான் தடுக்கலை. :)

சாப்பாடு பத்தி. நீஸில் சொக்கா சாப்பிடுங்க: கடலை மாவு, தண்ணி, ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய தாம்பாளத்தில் விறகடுப்பில் சுட்டு, மிளகு தூவித் தருவாங்க; நம்ம அடைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அதையே லெவாந்தோ இருக்கிற லிகூரியா பகுதியில் ஃபரினாத்தான்னு விற்பாங்க. நீஸிலேயே வெங்காய ரொட்டி மாதிரி பிஸ்ஸலாதியேர்னு ஒண்ணு இருக்கும், பார்க்கச் சைவமாத் தெரியும், உள்ளே நெத்திலி. நிஸ்வாஸ் சாலட்டில் முட்டையும் மீனும் உண்டு.

இத்தாலியில் நீங்க பார்க்கவேண்டியது முட்டை. வடக்கே கையால செய்யுற புது பாஸ்தா, தால்யதெல்லே வகையறா, பெரும்பாலும் முட்டை போட்டது. காய்ந்த பாஸ்தாவில் சாதாரணமா முட்டை கிடையாது. லெவாந்தோ பக்கம் த்ரோஃபியே அல் பெஸ்தோ கேளுங்க, பேசில் இலைச் சட்னியில் புரட்டின குட்டிப் பாஸ்தா. அந்த மாவிலும் முட்டை சேர்க்க மாட்டாங்க, உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்துத் தருவாங்க. ஆனா பெஸ்தோவில் போடுற பார்மிஜானோ சீஸ் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட்டால் உறைய வைக்கிறது. அதுவும் கூடாதுன்னா முன்னாடியே சொல்லிடணும். மிலான் மஞ்சள் ரிசோத்தோவில் மாட்டு மஜ்ஜையும் இறைச்சிச் சாறும் போடுறதுதான் வழக்கம், கேட்காம வாங்காதீங்க. சொல்லவேண்டியது: சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா உவோவா. இறைச்சி, மீன், முட்டை மூணும் வேண்டாம்னு அர்த்தம். பில்லில் 'கொப்பெர்தோ'ன்னு தலைக்கு ரெண்டு மூணு யூரோ இருந்தா ஏமாத்துறாங்கன்னு சண்டை போடாதீங்க, அது மேசைக் கட்டணம்.

திருச்சிப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி! அண்ணை, நீங்கள் சொன்ன நீர்ப்பாலத்தைப் பார்த்ததும் மனசு ஊசலாடிவிட்டது. ஆனால் அவர் காரை விட்டுக்கொடுத்துவிட்டார், சின்க்வே தெர்ரேயை விடமாட்டேன் என்கிறார். நியாயம்தான், லாவெண்டருக்காக அடம்பிடித்தது நான். அதனால் நீஸ் 5, லெவாந்தோ 2, வரென்னா 2, வெனிஸ் 3 என்றே வைக்கிறோம். இப்போது விசா எங்கே? முதலில் இறங்குவது பிரான்ஸ்தானே? இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னாலேயே விசா போடவேண்டி வரும். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் இருக்கிறது.

பாஸ்போர்ட் பாண்டி:
எந்த நாட்டில் அதிக நாளோ அந்த நாட்டில்தான் விசா. நாள் சமமாக வந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. உங்கள் பழைய திட்டத்துக்குப் பிரான்ஸ் சரி. புதியதில் பிரான்ஸ் 5, இத்தாலி 7, ஆகவே இத்தாலி. இத்தாலி விசாவோடு நீஸில் இறங்குவதில் தவறே இல்லை, ஷெங்கன் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முழுக்கச் செல்லும். ஆனால் ஒன்று: ஒரு நாட்டில் அப்பாயின்ட்மென்ட் சுலபமாகக் கிடைக்கிறது என்று அங்கே போட்டுவிட்டு, பிறகு ஹோட்டல்களை இன்னொரு நாட்டுக்கு மாற்றும் வேலை வேண்டாம். இரவுக் கணக்கை முடித்துவிட்டுத்தான் விண்ணப்பம்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே போடலாம்; கடைசி வரம்பு 15 நாள், அதை நம்பி உட்காரக் கூடாது. கட்டணம் தலைக்கு 90 யூரோ, அதோடு விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கைரேகைக்கு இருவரும் நேரில் சென்னைக்கு வரவேண்டும்.

பெயரைத் தொடாதீர்கள். கல்யாணமானால் பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றியே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. டிக்கெட், காப்பீடு, ஹோட்டல் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துப் பிசகாமல் இருந்தால் போதும். விண்ணப்பிக்கும்போது இன்னும் மணமாகாதவர் என்றே குறிப்பிடுங்கள், அன்றைய நிலை அதுதான். கல்யாணப் பத்திரிகையை இணைத்து, தேனிலவுக்குப் போகிறோம் என்று விளக்கக் கடிதம் எழுதுங்கள். வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு, விடுப்புக் கடிதம் எல்லாம் இருவரும் தனித்தனியாக வையுங்கள். அவர் செலவு செய்வார் என்று மட்டும் எழுதினால் உறவுக்கு அத்தாட்சி கேட்பார்கள், அப்போது உங்களிடம் திருமணச் சான்றிதழ் இருக்காது.

திருச்சிப் பொண்ணு:
இது பெரிய உதவி, நாங்கள் பிரான்ஸ் விண்ணப்பத்தை நிரப்பவே தொடங்கிவிட்டோம்! கடைசியாக ஒன்று. நீஸ் டு லெவாந்தோ பயண நாளை நினைத்தால் பயமாக இருக்கிறது. எல்லையில் ரயில் தவறினால்? அப்புறம் வெனிஸில் கோண்டோலா நிஜமாகவே அவ்வளவு விலையா?

தண்டவாளக்காரர்:
நீஸிலிருந்து எல்லையில் இருக்கும் வென்டிமீலியாவுக்குப் பிரெஞ்சு உள்ளூர் ரயில், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அந்த டிக்கெட்டில் குறிப்பிட்ட ரயில் என்று கிடையாது, ஒன்றை விட்டால் அடுத்தது. அங்கிருந்து ஜெனோவா வழியாக லெவாந்தோ. இத்தாலிய இன்டர்சிட்டிக்கு நேரமும் இருக்கையும் குறித்திருக்கும், ஆகவே வென்டிமீலியாவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு எடுங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் நாளை மாற்றுங்கள். அன்று வென்டிமீலியாவில் பெரிய சந்தை, நீஸிலிருந்து போகிற ரயில் பிதுங்கும். வழி முழுக்க வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பார இயந்திரத்தில் முத்திரை அடிக்கணும், இல்லாவிட்டால் டிக்கெட் இருந்தும் அபராதம். வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாளில் அப்படி வந்தாலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 உள்ளூர் ரயில்கள் குறைந்தபட்சமாவது ஓடணும் என்பது விதி.

லெவாந்தோவில் தங்குவதன் லாபம்: தட்டையான ஊர், பெரிய ரயில் நிற்கும், ஐந்து கிராமமும் அங்கிருந்து வரிசையாக வரும். ரயிலும் நடைபாதையும் சேர்ந்த சின்க்வே தெர்ரே அட்டை வாங்குங்கள். கொர்னீலியா மட்டும் ஸ்டேஷனிலிருந்து சுமார் 380 படி ஏறணும், சிற்றுந்தும் உண்டு.

மிலான் மாணவி:
கோண்டோலா பகலில் 90 யூரோ, இரவு ஏழு மணிக்கு மேல் 110, அரை மணி நேரம். இது படகுக்கு, தலைக்கு இல்லை. அஞ்சு பேர் வரை ஏறலாம், அதனால் வேற ஜோடி கிடைச்சா பங்கு போடலாம், ஆனா தேனிலவுக்கு வந்து அந்நியரோட உட்காரணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. சும்மா ஏறிப் பார்த்தா போதும்னா, பெரிய கால்வாயைக் குறுக்கே கடத்திவிடுற த்ராகெத்தோ ரெண்டு யூரோதான். பெரிய கால்வாய் முழுக்கப் பார்க்க 1ஆம் நம்பர் படகு, ஒரு டிக்கெட் 9.50, 75 நிமிஷம் செல்லும். அறையை எதிர்க்கரையில் இருக்கிற மெஸ்த்ரேயில் எடுக்காம தீவுக்குள்ளேயே எடுங்க. பகல் கூட்டம் கலைஞ்ச பிறகுதான் அந்த ஊர் உங்களுக்குக் கிடைக்கும். புக் பண்றதுக்கு முன்னாடி ஸ்டேஷனிலிருந்து ஹோட்டல் வரைக்கும் எத்தனை பாலம்னு மேப்பில் எண்ணிப் பாருங்க, ஒவ்வொண்ணும் படிக்கட்டு, பெட்டி தூக்கப்போறது அண்ணன்தான்.

திரும்புற அன்னிக்கு பியாட்ஸாலே ரோமாவிலிருந்து மார்கோ போலோ விமான நிலையத்துக்கு பஸ், இருபது நிமிஷம் சொச்சம். படகு அழகுதான், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அன்னிக்கு பஸ்ஸே எடுங்க.