தைத்தானோ: சமோரோ குடும்பப்பெயரா, இத்தாலியப் பெயரா? ஆவணங்களில் இடமும் மாறுகிறது, உதவி தேவை

பேரன்வழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளின் மாமியார் பசிபிக் கடலில் அமெரிக்க ஆட்சியில் உள்ள குவாம் தீவின் பூர்வகுடியான சமோரோ இனத்தவர், அமெரிக்காவின் சான் டியேகோவில் வளர்ந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் தைத்தானோ. பேரனுக்காக இரண்டு பக்கத்து வம்சாவளியையும் எழுதி வருகிறேன். சம்பந்தி வீட்டுப் பக்கம் வந்ததும் சிக்கிக்கொண்டது.

குடும்பப்பெயர்களுக்கு விளக்கம் சொல்லும் இணையதளம் ஒன்றில் தேடினால் தைத்தானோ இத்தாலியப் பெயர் என்கிறது, இன்னொன்று ஸ்பானியப் பெயர் என்கிறது. சம்பந்தியம்மாவோ, "இல்லவே இல்லை, அது எங்கள் தீவின் பெயர்" என்கிறார்.

அடுத்தது, 1897-இல், அப்போது குவாமை ஆண்ட ஸ்பானியர் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஒரு முன்னோரின் பெயரில் தைத்தானோ நடுவிலும் குரூஸ் கடைசியிலும் இருக்கிறது. 1920 அமெரிக்கக் கணக்கில், வயது பொருந்தும் ஒருவருக்கு நடுவில் 'சி' (C) என்ற ஆங்கில ஓரெழுத்து, கடைசியில் தைத்தானோ. இது ஒரே ஆளா, வேறு வேறு ஆளா?

அப்புறம், அந்த முன்னோரின் மனைவி பாங்கெலினன் குடும்பம். அது பிலிப்பைன்ஸ் பெயர் என்று படித்தேன். அப்படியானால் அந்தக் கிளையைச் சமோரோ என்று எழுதுவது சரியா? நான் எழுதுவதைத்தான் பேரன் நாளைக்கு நம்பப்போகிறான், அதனால் கேட்கிறேன்.

ஏடுதேடி பதில்:

உங்கள் சம்பந்தியம்மா சொல்வதுதான் சரி. அந்தத் தளங்கள் பெரும்பாலும் 'ஓ'வில் முடியும் ஓசையை வைத்தே முடிவு கட்டிவிடுகின்றன. சமோரோ மொழியில் 'தை' என்பது இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு, 'தானோ' நிலம். நிலம் இல்லாதவர் என்று வருகிறது. தைமாங்லோ என்றொரு குடும்பப்பெயரும் இருக்கிறது, 'காற்று இல்லாத' என்ற பொருளில். எழுத்து ஸ்பானியர் கொடுத்தது, பெயர் தீவினுடையது.

ஆனால் அந்தப் பொருளை வைத்து, 'இவர்கள் நிலமற்ற ஏழைக் குடும்பம்' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். குவாமும் சேர்ந்த பழைய மரியானா தீவுகளில் குடும்பப்பெயர் என்ற வழக்கமே கிடையாது. ஒருவருக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். 1668-இல் சான் வித்தோரஸ் என்ற ஸ்பானியப் பாதிரியாருக்குத் தேவாலயம் கட்டக் குவாமின் தலைநகர் ஹகாட்ஞாவில் இடம் கொடுத்த தலைவர் கெபுஹா, 1672-இல் அதே பாதிரியாரைக் கொன்ற மாத்தபாங், எல்லோரும் ஒற்றைப் பெயர்க்காரர்கள். ஞானஸ்நானம் வந்தபோது முன்னால் ஒரு கிறிஸ்தவப் பெயர் சேர்ந்தது, சொந்தப் பெயர் பின்னால் போனது. அடுத்தடுத்த தலைமுறைகளில் அந்தப் பின்பெயர் பிள்ளைகளுக்கும் தொடர்ந்து, குடும்பப்பெயராக உறைந்துவிட்டது. ஆகவே தைத்தானோ என்பது எப்போதோ வாழ்ந்த ஒரு தனி மனிதரின் பெயர். அவருக்கு அது ஏன் வந்தது என்பதை இன்றைய குடும்பத்தின் நிலபுலனிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

கித்துகுவா, நாபுத்தி, மாஃப்னாஸ், குமாத்தாவ்தாவ், சார்குவாலாஃப் எல்லாம் இப்படித் தப்பிப் பிழைத்த பெயர்கள்தான்.

கடற்படைவீட்டார் பதில்:

1897, 1920 கேள்விக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் விவரப்படி ஒரே ஆளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஸ்பானிய முறையில் முதல் பெயர், அப்பா வீட்டுப் பெயர், அம்மா வீட்டுப் பெயர் என்று வரும். 1898-இல் அமெரிக்கா குவாமைப் பிடித்த பிறகு, கடற்படை ஆட்சியில் வரிசை மாறியது. அம்மா வீட்டுப் பெயர் நடுவே ஓரெழுத்தாகச் சுருங்கியது, அப்பா வீட்டுப் பெயர் கடைசிக்குப் போனது. நீங்கள் பார்த்த 'சி' குரூஸாக (Cruz) இருக்கலாம். ஆனால் கமாச்சோ, காஸ்த்ரோ, செப்பேடா, சார்ஃபாவ்ரோஸ் எல்லாமே ஆங்கிலத்தில் அதே எழுத்தில்தான் தொடங்கும். மனைவி பெயர், பிள்ளைகளின் வயது, ஊர் மூன்றையும் ஒத்துப்பார்க்காமல் இரண்டு வரிகளையும் இணைக்க வேண்டாம்.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்பானியக் காலத்தில் திருமணமான பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரிலேயே இருப்பார். அமெரிக்கக் காலத்துத் தாள்களில் கணவர் வீட்டுப் பெயர் கடைசியில் ஏறிவிடும். பாங்கெலினன் பாட்டியை 1920-இல் பாங்கெலினன் என்று தேடினால் கிடைக்காமல் போகலாம்.

இந்த வரிசை பழக, தெரிந்த பெயர்களைப் பாருங்கள். குவாம் சட்டமன்றத் தலைவராக இருந்த கார்லோஸ் பாங்கெலினன் தைத்தானோ. 1949-இல் குவாம் பேரவையினர் கடற்படை ஆளுநரை எதிர்த்து வெளிநடப்புச் செய்தபோது, அந்தச் செய்தியை அமெரிக்கப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோனவர் அவர். அடுத்த ஆண்டே குவாம் மக்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை தரும் சட்டம் வந்தது. அவர் பெயரில் பாங்கெலினன் அம்மா வழி, தைத்தானோ அப்பா வழி. உங்கள் குடும்பத்தில் சேர்ந்த அதே இரண்டு பெயர்கள்!

பேரன்வழி:

மிக்க நன்றி ஐயா. வரிசை இப்போது புரிகிறது. சம்பந்தியம்மாவிடம் கார்லோஸ் தைத்தானோ பெயரைச் சொன்னதும் முகமே மலர்ந்துவிட்டது. ஆனால் பாங்கெலினன் கேள்வி அப்படியே நிற்கிறதே. அப்புறம், தைத்தானோ பரவலான பெயரா, அரிதான பெயரா? தளத்துக்குத் தளம் எண்ணிக்கை மாறுகிறது.

மரியானாவாசகி பதில்:

பாங்கெலினன் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு, சொல்கிறேன். பெயர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது உண்மை. அங்கே அது பாங்கிலினன், மரியானாவில் ஓரெழுத்து மாறி நிலைத்துவிட்டது. கிறிஸ்தவ மிஷன் வந்த பிறகு நடந்த போர்களிலும் அம்மை போன்ற நோய்களிலும் தீவு மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். 1710 கணக்கில் சமோரோ மக்கள் நான்காயிரம் பேர்கூட இல்லை. அந்தக் காலத்தில் மெக்சிகோவிலிருந்தும் பிலிப்பைன்ஸின் பம்பாங்காவிலிருந்தும் வந்த படைவீரர்கள் சமோரோ பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் அப்பாவுடையது. மொழி, சமையல், உறவுமுறை எல்லாம் அம்மாவுடையது. பல தலைமுறையாகச் சமோரோ பேசி, சமோரோவாகவே வாழ்ந்த குடும்பத்தைப் பெயரை வைத்துப் பிரிப்பது நியாயமே இல்லை. சமோரோ கிளை என்று தயங்காமல் எழுதுங்கள். பெயரின் பூர்வீகத்தைப் பக்கத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டால் போதும்.

குரூஸ், சாந்தோஸ், பெரேஸ், லியோன் கெரேரோ, சான் நிக்கோலாஸ் குடும்பங்களுக்கும் இதே வாதம் பொருந்தும். லிம்தியாக்கோ, வோன் பாட் சீன வழிப் பெயர்கள், ஷிமிஸு ஜப்பானிய வழி. குவாம் விமான நிலையத்துக்கே அந்தோனியோ வோன் பாட் பெயர்தான். அமெரிக்கக் காங்கிரஸில் குவாமின் முதல் பிரதிநிதி அவர்.

பரவல் பற்றி: குரூஸ், சாந்தோஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும், சமோரோ மொழிப் பெயர்களில் தைத்தானோ நன்கு அறியப்பட்ட பெயர். எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம் எளிது. குவாமின் கணக்கெடுப்பு அமெரிக்க மாநிலங்களோடு சேராமல் தனியாக வெளியாகிறது. 2010-இல் குவாமில் சமோரோ மக்கள் சுமார் 59,000. மாநிலங்களில், கலப்பினத்தவரையும் சேர்த்து, ஏறக்குறைய 1,48,000. ஒரு தளம் எதை எண்ணியது என்று தெரியாமல் அதன் 'இத்தனையாவது இடம்' என்ற வரியை வம்சாவளியில் சேர்க்காதீர்கள்.

குவாமுக்கு வடக்கே, அதே மரியானா வரிசையில் உள்ள சைப்பான் தீவில் தைத்தானோ கிடைத்தாலும் தனிக் குடும்பம் என்று எண்ணிவிட வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானியர் வடதீவு மக்களைக் குவாமுக்குப் பெயர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் பலர் திரும்பிப் போனார்கள். அந்த வடதீவுகளில் ரோத்தா மட்டும் முழுவதும் காலியாகவில்லை. மாங்லோஞா, ஹோகோக், அயுயு, அத்தாலிக் என்று அங்கே மண்ணின் பெயர்கள் இன்றும் நிறைய.

ஏடுதேடி:

ஒரு முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் 'எந்த ஃபமிலியன்?', அதாவது எந்தக் குடும்பக் கிளை, என்று கேளுங்கள். ஒரே குடும்பப்பெயரில் ஏராளம் பேர் இருப்பதால், ஒவ்வொரு கிளைக்கும் தனியாக ஒரு வழக்குப்பெயர் உண்டு. குவாமில் மரண அறிவிப்புகளில்கூட அதைப் போடுவார்கள். 'சி' யார் என்ற குழப்பத்தையும் அது தீர்க்கக்கூடும்.

பேரன்வழி:

கேட்டேன். யோசிக்கவே இல்லை, அப்பா வழிக்கு ஒன்றும் பாட்டி வழிக்கு ஒன்றுமாக உடனே சொல்லிவிட்டார். என் அட்டவணையில் அதற்கென்று ஒரு கட்டம்கூட நான் வைக்கவில்லை, இப்போது சேர்த்துவிட்டேன். இனி எங்கே தேடுவது?

கடற்படைவீட்டார்:

1930, 1940, 1950 அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாள்களைப் பாருங்கள், மூன்றுமே பொதுப் பார்வைக்கு வந்துவிட்டன. இரண்டாம் உலகப் போரில், 1944 குண்டுவீச்சில் ஹகாட்ஞா நகரமே அழிந்ததால், பழைய தேவாலயப் பதிவேடுகளை மட்டும் நம்பி இருக்க முடியாது. குவாம் பல்கலைக்கழகத்தின் மைக்ரோனீசிய ஆய்வு மையத்தில் ஸ்பானியக் கால ஆவணங்களின் தொகுப்பு இருக்கிறது. மையத்தின் முழுப்பெயரே ரிச்சர்ட் ஃப்ளோரஸ் தைத்தானோ பெயரில்தான், தேடும்போது அப்படியே தட்டச்சு செய்யுங்கள். கடிதம் எழுதும்போது ஃபமிலியன் பெயர், ஊர், 1897 வரியின் நகல் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.