மறு: ‘லேண்ட் ஸ்டூவர்ட்ஷிப்’ – காவலாண்மையா, பொறுப்பாண்மையா, பேணலா?

வணக்கம் நண்பர்களே,

‘லேண்ட் ஸ்டூவர்ட்ஷிப்’, அதாவது நிலத்தைக் கெடாமல் பொறுப்போடு பார்த்துக்கொள்வது, இதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: நில மேலாண்மை, நிலக் காவலாண்மை, நிலக்கிழமை, நிலப் பொறுப்பாண்மை. நான்கையும் கையிலிருக்கும் மொழிபெயர்ப்பு வரைவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தனியே அழகாக நின்ற சொல், ‘இந்தப் பண்ணையில் இது எப்படி நடக்கிறது?’ என்ற வரியில் உட்கார்ந்ததும் இடறியது.

மேலாண்மையை முதலிலேயே விட்டுவிடலாம். மண்ணைக் கசக்கிப் பிழிந்து போகத்துக்கு மேல் போகம் எடுப்பதும் மேலாண்மைதான்.

காவலாண்மையில் எனக்குத் தெரிவது வேலி. காவல் என்றால் வெளியே இருந்து வருவதைத் தடுப்பது. இங்கே கேடும் நன்மையும் பெரும்பாலும் உழுகிறவர் கையிலேயே இருக்கின்றன. ‘பாதுகாப்பு’ என்ற பழைய சொல்லுக்கும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்காவில் 1985 வேளாண் சட்டத்தில் வந்த ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ (பாதுகாப்பு ஒதுக்கீடு) திட்டம், அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைச் சாகுபடியிலிருந்து எடுத்துவிட்டு, 10 முதல் 15 ஆண்டுகளுக்குப் புல்லோ மரமோ வளர்க்கச் சொல்லி வாடகை தருகிறது. அதற்குப் பாதுகாப்பு என்பது பொருந்தும். ஆனால் 2008 சட்டத்தில் ‘ஸ்டூவர்ட்ஷிப்’ என்ற பெயரோடு வந்த திட்டம் விளைந்துகொண்டிருக்கும் நிலத்துக்கானது. விதைப்பும் மேய்ச்சலும் நடக்கும், அதோடு மண்ணும் நீரும் தேற வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் வாசகர் குழம்பத்தான் செய்வார்.

(‘வொர்க்கிங் லேண்ட்’ என்பதை ‘உழைக்கும் நிலம்’ என்று எழுத வேண்டாம். விளைநிலம் என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது, அதுவே போதும்.)

நிலக்கிழமை அருமையான சொல், மறுக்கவில்லை. ‘செல்லான் கிழவன் இருப்பின்’ என்று நிலம் ஊடுவதைச் சொல்லும் குறளில் கிழவன் என்பவர் நிலத்துக்கு உரியவர். உரிமைதான் அந்தச் சொல்லின் வேர். ‘ஸ்டூவர்ட்’ என்பவரோ பழைய ஆங்கிலத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர், உடைமையாளர் அல்லர். குத்தகைக்கு உழுகிறவரும் நிலத்தை நன்றாக வைத்திருக்கலாம். நிலக்கிழமை அவரை வெளியே நிறுத்திவிடும்.

பொறுப்பாண்மை பொருளில் நெருங்கி வருகிறது. ஆனால் பொறுப்பு இருப்பது வேறு, அதைச் செய்வது வேறு. நிலத்தை எப்படி வைத்திருக்கிறார் என்று மதிப்பெண் போட வரும் மதிப்பீட்டாளர் பார்ப்பது செய்ததை.

அதனால் நான் முன்வைப்பது நிலம்பேணல். ‘தந்தை தாய்ப் பேண்’ என்று சின்ன வயதிலேயே படித்த சொல். உடல்நலம் பேணுகிறோம், உறவைப் பேணுகிறோம். பேணுவது ஒரு நாள் வேலை இல்லை என்பதும், பேணப்படுவது உயிருள்ளது என்பதும் சொல்லிலேயே இருக்கின்றன. இயந்திரத்தை யாரும் பேணுவதில்லை, பராமரிக்கிறார்கள். ஆளைக் குறிக்க நிலம்பேணுநர் என்று எளிதாக வருகிறது. ‘நிலப்பேணல்’ என்று ஒற்று மிகுத்து எழுதலாமே என்று கேட்கலாம். நலம் பேணல், மரம் வெட்டல் போல மகரம் அப்படியே நிற்பது காதுக்கு இயல்பாக இருக்கிறது.

அப்புறம், மதிப்பீடு. உண்மையான சிக்கல் இங்கேதான். ஒரு எளிய சோதனையைச் சொல்கிறேன். வெவ்வேறு விதமாகச் சாகுபடி செய்யப்பட்ட இரண்டு வயல்களிலிருந்து ஒவ்வொரு மண்கட்டி எடுத்து, நன்றாகக் காயவைத்து, தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளைகளில் கம்பிவலைமேல் வைக்க வேண்டும். நான் செய்தபோது, அடிக்கடி உழுத வயலின் கட்டி குமிழி விட்டுக்கொண்டே உதிர்ந்து அடியில் சேறாகப் படிந்தது. உழாமல் வைக்கோல், இலைதழையால் மூடாக்குப் போட்ட வயலின் கட்டி அப்படியே நின்றது, தண்ணீரும் தெளிவாக இருந்தது. வேரும் பூஞ்சை இழைகளும் மட்கும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இந்தச் சோதனை காட்டுவது மண்ணின் நிலையை. அதை நிலநலம் என்போம். நிலம்பேணல் என்பது செய்கை. இரண்டும் ஒன்றல்ல. 1965-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விஷ்மையரும் ஸ்மித்தும் வெளியிட்ட மண்ணரிப்புச் சமன்பாட்டில் மழை, மண்ணின் தன்மை, சரிவு, பயிர்மூடல், தடுப்பு முறைகள் எல்லாம் பெருக்கலாக வரும். மழையும் மண்வகையும் உழவர் கையில் இல்லை, சரிவும் பெரும்பாலும் அப்படித்தான். சரிவான நிலத்தில் வரப்புப் போட்டு, குறுக்கே உழுது, மண்ணை மூடி வைத்தவரின் நிலநலம், சமதளத்தில் ஒன்றுமே செய்யாதவருடையதைவிடக் குறைவாக இருக்கலாம். அவர் பேணவில்லை என்று எழுதினால் அது அநியாயம். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

மறுபக்கம், செய்கையை மட்டும் பட்டியல் போட்டுக் குறித்தால், மூடுபயிர் (மண்ணை மூடிக் காக்க வளர்க்கும் பயிர்) விதைத்தேன் என்று சொல்லிவிட்டு அது முளைக்காமல் போனாலும் மதிப்பெண் கிடைத்துவிடும். அயர்லாந்தின் பர்ரன் பகுதியில் புல்வெளிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, அது கூடக்கூடப் பணமும் கூட்டிக் கொடுத்தார்கள். என்ன செய்தார் என்பதோடு, புல்வெளி எப்படி ஆயிற்று என்பதும் அங்கே கணக்கில் வந்தது.

செய்கையைப் பார்ப்பது, நிலத்தின் நிலையைப் பார்ப்பது என்ற இந்த இரண்டு வகை மதிப்பீடுகளுக்குப் பெயர் வைக்கும்போது ஓர் எச்சரிக்கை. ‘அவுட்கம்’ என்பதற்கு வழக்கமாக எழுதும் விளைவு என்ற சொல்லை இங்கே தயவுசெய்து தவிர்ப்போம். உழவு பற்றிய எழுத்தில் விளைவு என்றால் விளைச்சல். ‘விளைவு அடிப்படையிலான மதிப்பீடு’ என்று போட்டால் எத்தனை மூட்டை கண்டது என்பதை வைத்து மதிப்பெண் என்றுதான் உழவர் படிப்பார், பொருளே தலைகீழாகிவிடும். செயல்வழி மதிப்பீடு, பலன்வழி மதிப்பீடு என்று வைக்கலாமா?

பலன் என்பதும் மகசூலைக் குறிக்கும் என்று யாராவது சொல்வீர்கள், சரிதான். நிலநலவழி மதிப்பீடு என்றால் ஐயமே இல்லை, ஆனால் நாக்கு தடுக்குகிறது. இந்த ஓரிடத்தில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. உழவர்களோடு தினமும் பேசுகிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். மண் தேறியதைச் சொல்ல அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். வரைவில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அன்புடன்.